லேப்டாப்புக்கு ஒரு லட்சம், படங்களுக்கு ஜீரோவா? எடிட்டிங் லேப்டாப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனதும் நம்மில் பலருக்கு வரும் ஆசை, ஒரு நல்ல கேமரா. கேமரா வந்ததும் ஒரு லென்ஸ். அதுக்கப்புறம், "இந்தப் படத்தையெல்லாம் எடிட் பண்ண ஒரு நல்ல லேப்டாப் வேணுமே"ன்னு கடைக்குப் போவோம். அங்க கேட்கும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" ரெண்டாவது கேள்வி, "இஎம்ஐ போட்டுடலாமா?" அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, 60,000 ரூபாய்னு நினைச்சுப் போனது 1,20,000 ரூபாய் கேமிங் லேப்டாப்பா மாறி நிக்கும்.

அந்த பில்லுல ஒரு விஷயம் மட்டும் இருக்காது. எடுத்த படங்களைப் பத்திரமா வைக்க ஒரு ரூபாய்கூட ஒதுக்கியிருக்க மாட்டோம்.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். லேப்டாப் தேயும் பொருள். வாங்கின நாளிலிருந்தே அதோட மதிப்பு குறையும், போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். படம் அப்படி இல்லை. தாத்தா இருந்த கடைசிப் பொங்கல், குழந்தை நடந்த முதல் அடி, இதையெல்லாம் எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. அதனால லேப்டாப் பட்ஜெட் போடும்போதே, சேமிப்புக்கான பணத்தை முதல்ல தனியா எடுத்து வைக்கணும். மிச்சத்துல லேப்டாப் வாங்கணும். அதை எப்படிச் செய்யறதுன்னு படிப்படியா பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்களுக்கு இது இப்ப வேணுமா?

போன்ல எடுத்த படத்தை இன்ஸ்டாகிராம்ல போடறதுதான் உங்க வேலைன்னா, லேப்டாப்பே தேவையில்லை. ஸ்னாப்சீட் மாதிரி இலவச ஆப் போன்லயே நல்லா வேலை செய்யும்.

ரா பைல்ல படம் எடுக்கறீங்க, வாரக் கடைசியில் நண்பர்கள் வீட்டு விசேஷத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்கறீங்க, இல்லைன்னா இதையே பகுதி நேர வருமானமா மாத்தற எண்ணம் இருக்குன்னா, லேப்டாப் அவசியம்தான்.

ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். கிரெடிட் கார்டு பாக்கி ஓடிக்கிட்டு இருந்தா, அதை முதல்ல அடைங்க. மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும்போது எந்த லேப்டாப்பும் லாபமில்லை. அடுத்தது, குறைஞ்சது மூணு மாசச் செலவுக்கான அவசரகால நிதி கையில இருக்கணும். இந்த ரெண்டும் சரியா இருந்தா மேல படிங்க.

உங்க படங்களோட எடை என்ன?

லேப்டாப் வாங்கப் போற பலர் "512 ஜிபி போதுமா, 1 டிபி வேணுமா?"ன்னு கேட்கறாங்க. இதுக்கு பதில் கடைக்காரர்கிட்ட இல்லை, உங்க மெமரி கார்டுல இருக்கு.

ஒரு 24 மெகாபிக்சல் கேமராவை எடுத்துக்குவோம். அதோட ஒரு ரா பைல் சராசரியா 25 முதல் 30 எம்பி வரும். ஜேபெக்னா 8 முதல் 12 எம்பி. கணக்குக்கு ரா பைல் 28 எம்பின்னு வைச்சுக்கலாம்.

மாசம் 500 படம் எடுத்தா 14 ஜிபி. வருஷத்துக்கு 168 ஜிபி. அஞ்சு வருஷத்துக்கு 840 ஜிபி. 500 படம்கிறது அதிகமும் இல்லை. சீசன்ல வேடந்தாங்கல் போய் ஒரு பறவை பறக்கறதை நொடிக்கு 10 படம் வீதம் மூணு நொடி அழுத்திப் பிடிச்சாலே 30 படம், 840 எம்பி. போன்ல 4கே வீடியோ எடுக்கறவங்களுக்கு ஒரு நிமிஷத்துக்கே 170 முதல் 400 எம்பி வரை போகும்.

இப்ப லேப்டாப் பக்கம் வாங்க. 512 ஜிபின்னு பெட்டியில் எழுதியிருந்தாலும் விண்டோஸ்ல சுமார் 476 ஜிபின்னுதான் காட்டும். 1 டிபி வாங்கினா 931 ஜிபி. யாரும் ஏமாத்தலை. கம்பெனி ஒரு ஜிபியை நூறு கோடி பைட்னு கணக்குப் போடுது, விண்டோஸ் 1024ஐ அடிப்படையா வைச்சு எண்ணுது, அவ்வளவுதான். அந்த 476ல விண்டோஸ், சாப்ட்வேர் எல்லாம் போக, எஸ்எஸ்டி வேகம் குறையாம இருக்க கொஞ்சம் காலி இடமும் விட்டா, படத்துக்குன்னு கிடைக்கறது ஏறக்குறைய 300 ஜிபி. மாசம் 500 படம் எடுக்கறவருக்கு ரெண்டு வருஷம்கூட வராது.

அதனால 2 டிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப் வாங்கணுமா? வேண்டாம். ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, கழிக்கறது. 500 படத்துல உண்மையா நல்லா வந்தது 150 இருக்கும். கண்ணை மூடினது, ஆடினது, ஒரே மாதிரி பத்து படம், இதையெல்லாம் அந்த வாரமே நீக்கிடுங்க. மூணுல ஒரு பங்கு மட்டும் வைச்சா அஞ்சு வருஷ 840 ஜிபி, 280 ஜிபியா சுருங்கிடும். இதுக்கு ஒரு பைசா செலவில்லை. ரெண்டாவது வழி, லேப்டாப்பை வேலை செய்யற மேஜையா மட்டும் பாருங்க, பீரோவா பார்க்காதீங்க. இப்ப எடிட் பண்ற படம் மட்டும் உள்ள இருக்கணும். முடிஞ்சது எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்குக்குப் போயிடணும்.

எதுக்குப் பணம் கொடுக்கணும், எதுக்கு வேண்டாம்?

வரிசையா சொல்றேன். இதே வரிசையிலதான் உங்க பணமும் போகணும்.

*ஒண்ணு, திரை.* போட்டோ எடிட்டிங்குக்கு முதல் செலவு இதுதான். ஆனா விளம்பரத்துல கடைசியா இருக்கறதும் இதுதான். நிறத்தை அளக்க எஸ்ஆர்ஜிபின்னு ஒரு அளவுகோல் இருக்கு. 1996ல ஹெச்பியும் மைக்ரோசாப்டும் சேர்ந்து கொண்டு வந்தது. இணையத்துல நாம பார்க்கிற பெரும்பாலான படங்கள் இந்த அளவுகோல்லதான் இருக்கு. உங்க திரை இதுல 100 சதவீதத்தை, இல்லைன்னா அதுக்கு ரொம்பப் பக்கத்துல, காட்டணும்.

விலை குறைஞ்ச லேப்டாப்கள்ல "45 சதவீதம் என்டிஎஸ்சி"ன்னு போட்டிருக்கும். அது எஸ்ஆர்ஜிபில சுமார் 60 முதல் 65 சதவீதம்தான். என்ன ஆகும்னா, அரக்குப் பட்டுப்புடவை உங்க திரையில வெளிறிப்போய் தெரியும். நிறம் பத்தலைன்னு நீங்க ஏத்துவீங்க. அதே படத்தை வாங்கினவர் தன் போன்ல பார்க்கும்போது மணப்பெண் முகம் மஞ்சள் பூசின மாதிரி இருக்கும். தப்பு உங்க கையில இல்லை, திரையில.

ஐபிஎஸ் அல்லது ஓஎல்இடி திரை, குறைஞ்சது 300 நிட்ஸ் வெளிச்சம், இதைக் கேட்டு வாங்குங்க. கடையில உங்க வீட்டுப் படம் ஒண்ணை பென்டிரைவ்ல கொண்டு போய் மூணு லேப்டாப்ல திறந்து பாருங்க. தோல் நிறத்தைக் கவனிங்க. மூடியைக் கொஞ்சம் முன்னே பின்னே சாய்ச்சுப் பாருங்க. கோணம் மாறும்போது நிறம் மாறுச்சுன்னா அந்த லேப்டாப் வேண்டாம். வாங்கின பிறகு எடிட் பண்ணும்போது நைட் லைட்டை அணைச்சு வைங்க. இல்லைன்னா திரையே மஞ்சளா இருக்கும், படம் நீலமா போயிடும்.

வீட்டுலயே உட்கார்ந்து எடிட் பண்றவரா நீங்க? அப்போ இன்னொரு வழி இருக்கு. திரை சுமாரா இருக்கிற, மத்ததெல்லாம் நல்லா இருக்கிற லேப்டாப்பை வாங்கி, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி உள்ள 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் ஒண்ணை இணைச்சுக்கலாம். லேப்டாப் மாறினாலும் மானிட்டர் கூடவே இருக்கும்.

*ரெண்டு, ரேம்.* ஒரு 24 மெகாபிக்சல் படத்துல 2.4 கோடி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூணு நிறம், 16 பிட்ல திறந்தா நிறத்துக்கு ரெண்டு பைட். பெருக்கிப் பாருங்க, 144 எம்பி. அதாவது 28 எம்பி பைல், போட்டோஷாப்ல திறந்ததும் ஒரு லேயருக்கே 144 எம்பி ரேமை எடுத்துக்கும். பத்து லேயர் போட்டா 1.4 ஜிபி தாண்டிடும். விண்டோஸும், பிரவுசர்ல திறந்து வைச்சிருக்கிற இருபது டேபும் ஏற்கெனவே 5 ஜிபி வரைக்கும் தின்னுக்கிட்டு இருக்கும். அதனால 8 ஜிபி பத்தாது. 16 ஜிபி சரியான அளவு. 45 மெகாபிக்சல் கேமரா, பனோரமா ஒட்டுற வேலைன்னா மட்டும் 32 ஜிபி.

இங்க கடையில கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "ரேம் ஸ்லாட் இருக்கா, இல்லை போர்டுலயே ஒட்டினதா?" மெல்லிசான லேப்டாப் பலதுல ரேம் போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும், பின்னாடி கூட்ட முடியாது. அந்த மாதிரி மாடல்ல 8 ஜிபி வாங்கினா கடைசி வரைக்கும் 8 ஜிபிதான். மேக்புக்லயும் இதே கதை, அங்க எஸ்எஸ்டியையும் மாத்த முடியாது. 2024 அக்டோபர்ல ஆப்பிள் மேக்புக் ஏர் வரிசையோட ஆரம்ப ரேமை 16 ஜிபியா உயர்த்துச்சு. அதுக்கு முன்னாடி வந்த பழைய மாடல் சலுகை விலையில கிடைச்சா, 8 ஜிபியா 16 ஜிபியான்னு பார்த்து வாங்குங்க.

*மூணு, எஸ்எஸ்டி.* என்விஎம்இ வகை, குறைஞ்சது 512 ஜிபி. இன்னொரு எம்.2 ஸ்லாட் காலியா இருந்தா ரொம்ப நல்லது, விலை குறையும்போது ஒண்ணு சேர்த்துக்கலாம். நொடிக்கு 3,500 எம்பியா 7,000 எம்பியாங்கிற வித்தியாசம் போட்டோ எடிட்டிங்ல பெருசா தெரியாது. அதுக்குன்னு கூடுதல் பணம் வேண்டாம்.

*நாலு, பிராசசர்.* இன்டெல் கோர் ஐ5, கோர் அல்ட்ரா 5, ரைசன் 5, இந்த அளவு போதும். ஆனா பேரை மட்டும் நம்பாதீங்க. ஒரு உதாரணம், ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது நாலு கோர், பழைய ஜென் 2 வடிவமைப்பு. ரெண்டாவது ஆறு கோர், ஜென் 3. அந்த 7000 வரிசையில மூணாவது எண்தான் எந்தத் தலைமுறைன்னு சொல்லும். "புது மாடல் சார்"னு சொன்னா, முழுப் பேரையும் எழுதி வாங்கி வீட்டுல தேடிப் பாருங்க.

*அஞ்சு, கிராபிக்ஸ் கார்டு.* வெளிச்சம், நிறம், கிராப், இந்த வேலைகளுக்குத் தனி கார்டு தேவையில்லை. ஆனா லைட்ரூம்ல 2023 ஏப்ரல்ல வந்த ஏஐ டீநாய்ஸ் மாதிரி வசதிகளுக்கு கார்டு உதவும். தனி கார்டு இருந்தா ஒரு படம் நொடிகள்ல முடியும், இல்லைன்னா நிமிஷக் கணக்குல காத்திருக்கணும். வாரத்துக்கு பத்து படத்துக்கு அதைப் பயன்படுத்தறவர் டீ குடிச்சுட்டு வரலாம். இரவு விசேஷம் எடுத்து 400 படம் கொடுக்கறவருக்கு மட்டும்தான் அந்தச் செலவு நியாயம். கேமிங் லேப்டாப்ல காசு போறது பெரும்பாலும் இந்தக் கார்டுக்குத்தான். அதுல சிலதோட திரை, நாம மேல பார்த்த 45 சதவீதத் திரைங்கறதையும் மறந்துடாதீங்க.

இஎம்ஐ கணக்கு

மாசம் 38,000 ரூபாய் கையில வாங்கும் ஒருத்தர்னு வைச்சுக்குவோம். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பறது எல்லாம் போக 8,000 ரூபாய் மிச்சம். அவர் 1,20,000 ரூபாய் லேப்டாப்பை 16 சதவீத வட்டிக்கு, 24 மாச கிரெடிட் கார்டு இஎம்ஐல வாங்கறார்.

மாசத் தவணை சுமார் 5,876 ரூபாய். மொத்த வட்டி சுமார் 21,000 ரூபாய். கார்டு இஎம்ஐ வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது கிட்டத்தட்ட 3,800 ரூபாய். ஆக, கூடுதலா போனது ஏறக்குறைய 24,800 ரூபாய். செயலாக்கக் கட்டணம் தனி. 8,000 ரூபாய் சேமிப்புல ரெண்டு வருஷத்துக்கு மாசம் 2,000 ரூபாய் சொச்சம்தான் மிஞ்சும். நடுவுல ஒரு மருத்துவச் செலவு வந்தா? மறுபடியும் கார்டுதான்.

"அண்ணா, நான் நோ காஸ்ட் இஎம்ஐல வாங்கறேன்"னு சிலர் சொல்வீங்க. ஜீரோ சதவீத வட்டின்னு ஒண்ணு உலகத்துல இல்லைன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல சொல்லிடுச்சு. நடக்கறது என்னன்னா, வட்டிக்குச் சமமான தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியா கழிச்சுடும், பேங்க் அதை வட்டியா உங்ககிட்ட வசூலிக்கும். 60,000 ரூபாய் லேப்டாப், 6 மாசம், 16 சதவீதம்னா, கடனோட அசல் சுமார் 57,300, வட்டி 2,700. நீங்க கட்டறது மாசம் 10,000. ஆனா அந்த 2,700க்கு ஜிஎஸ்டி சுமார் 486 ரூபாய் உங்க தலையில. செயலாக்கக் கட்டணம் 199 ரூபாயும் அதுக்கான ஜிஎஸ்டியும் சேர்ந்தா, மொத்தம் 720 ரூபாய் வரைக்கும் போகும். இது பெரிய தொகை இல்லை, தாராளமா எடுக்கலாம். ஆனா ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு எடுங்க: "முழுப் பணமும் இப்பவே கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?" 3,000 ரூபாய் குறைச்சா, அதுதான் அந்த நோ காஸ்டோட உண்மையான காஸ்ட்.

இப்ப மாசச் செலவா பார்ப்போம். 60,000 ரூபாய் லேப்டாப்பை அஞ்சு வருஷம் வைச்சிருந்து 10,000 ரூபாய்க்கு வித்தா, மாசத்துக்கு 833 ரூபாய். 1,20,000 ரூபாய் லேப்டாப்பை அதே அஞ்சு வருஷம் கழிச்சு 20,000க்கு வித்தா, மாசத்துக்கு 1,667 ரூபாய், வட்டி தனி. இந்த ரெட்டிப்புச் செலவு உங்க படத்தை ரெட்டிப்பு அழகாக்குமா? அதுக்கு நேர்மையா பதில் சொல்லிட்டு முடிவெடுங்க.

அவசரம் இல்லைன்னா என் யோசனை, மாசம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாசம் ஆர்டி. 75,000 ரூபாய் கையில. வட்டி நீங்க கட்டறதுக்குப் பதிலா உங்களுக்கு வரும்.

பழைய லேப்டாப், ஆபீஸ் லேப்டாப்

ரீபர்பிஷ்டு லேப்டாப் தப்பில்லை. ஆனா விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. அதனால விண்டோஸ் 11 முறைப்படி ஓடுற மெஷினா பாருங்க. இன்டெல்னா 8ஆம் தலைமுறை அல்லது அதுக்கு மேல, டிபிஎம் 2.0 கட்டாயம். திரை, பேட்டரி, பில், வாரண்டி, நாலையும் பார்த்துட்டு காசு கொடுங்க.

ஆபீஸ் லேப்டாப்ல சொந்தப் படங்களை வைக்காதீங்க. அது உங்க பொருள் இல்லை. ராஜினாமா பண்ணினாலோ, திடீர்னு வேலை போனாலோ அன்னிக்கே அக்கவுண்ட்டைப் பூட்டிடுவாங்க. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததும் அழிச்சுடுவாங்க. பல கம்பெனிகள்ல யுஎஸ்பியும் வேலை செய்யாது. வெளியே எடுக்கவே வழி இருக்காது.

இனிதான் முக்கியமான பகுதி: 3-2-1

பீட்டர் க்ரோக்னு ஒரு புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கின விதி இது. ஒவ்வொரு படத்துக்கும் 3 பிரதி. அது 2 வேற வேற வகை ஊடகத்துல. அதுல 1 பிரதி வேற இடத்துல.

நம்ம நிலைமைக்கு இதை இப்படி மாத்திக்கலாம். முதல் பிரதி லேப்டாப்ல. ரெண்டாவது, வீட்டுல ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். மூணாவது, இன்னொரு ஹார்ட் டிஸ்க், சொந்த ஊர்ல அம்மா அப்பா வீட்டு பீரோவுல. லேப்டாப்ல இருந்து முடிஞ்ச படத்தை நீக்கும்போது மூணு ரெண்டாயிடுமேன்னு கேட்கலாம். அதுக்குத்தான் கிளவுட். எல்லா ரா பைலும் ஏத்த வேண்டாம். தேர்ந்தெடுத்த, எடிட் பண்ணின ஜேபெக் மட்டும் ஏத்தினா சின்ன பிளானே போதும்.

"வேற இடம் எதுக்கு?"ன்னு தோணுதா? 2015 டிசம்பர்ல சென்னையில தரைத்தள வீடுகளுக்குள்ள தண்ணி புகுந்ததை நினைச்சுப் பாருங்க. 2023 டிசம்பர்ல மறுபடியும் சென்னை, அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி. லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்கும் ஒரே மேஜையில இருந்தா, ஒரே தண்ணியில போகும். திருட்டு போனாலும் ஒரே பையில போகும்.

சில பழக்கங்கள்:

- சம்பள நாளே பேக்கப் நாள். சம்பளம் வந்ததும் எஸ்ஐபி போற மாதிரி, அன்னிக்கு ராத்திரி டிஸ்கை இணைச்சு காப்பி பண்ணுங்க. மாசத்துக்கு 14 ஜிபிதான், நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்ல சில நிமிஷ வேலை.
- காப்பி முடிஞ்சதும் டிஸ்கைக் கழட்டி வைங்க. எப்பவும் இணைச்சே இருந்தா, ரேன்சம்வேர் வந்தா லேப்டாப்போட சேர்த்து அதையும் பூட்டிடும்.
- பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது டிஸ்கை மாத்திக்கோங்க. புதுசு ஊருக்கு, பழசு உங்க கைக்கு.
- வருஷத்துக்கு ஒரு தடவை, பழைய படம் பத்தைத் திறந்து பாருங்க. திறக்காத பேக்கப், பேக்கப் இல்லை.
- பென்டிரைவ், மெமரி கார்டு ரெண்டும் கொண்டு போகத்தான், வைச்சுக்க இல்லை. வருஷக்கணக்குல சும்மா வைக்கறதுக்கு எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க் நல்லது. கரண்ட்டே இல்லாம ரொம்ப நாள் கிடந்தா எஸ்எஸ்டில தகவல் அழிய வாய்ப்பு இருக்கு.

கூகுள் போட்டோஸ் பத்தி ரெண்டு வார்த்தை. இலவசமா அளவில்லாம ஏத்தற வசதி 2021 ஜூன் 1ஓட நின்னுபோச்சு. இப்ப ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அதோட, சிங்க் வேற, பேக்கப் வேற. ஆப்ல ஒரு படத்தை அழிச்சா கிளவுட்லயும் அழியும். குப்பைத் தொட்டியில 60 நாள் இருக்கும், அப்புறம் போயிடும். அதனால கிளவுட் மட்டுமே உங்க ஒரே பிரதியா இருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். வாரண்டி காப்பாத்தறது டிஸ்கை, உள்ள இருக்கிற படத்தை இல்லை. டிஸ்க் பழுதானா புது டிஸ்க் தருவாங்க, காலியா. டேட்டா ரிக்கவரிக்குப் போனா பல ஆயிரம் ரூபாய் ஆகும், முழுசா வரும்னு உத்தரவாதமும் கிடையாது. சர்வீஸ் சென்டர்ல லேப்டாப்பைக் கொடுக்கறதுக்கு முன்னாடியும் பேக்கப் எடுத்துடுங்க.

சாப்ட்வேர் செலவை மறக்காதீங்க

லைட்ரூம், போட்டோஷாப் ரெண்டும் இப்ப சந்தா முறைதான். மாசம் 800 ரூபாய்னு வைச்சாலும் அஞ்சு வருஷத்துக்கு 48,000. லேப்டாப் விலைக்குப் பக்கத்துல வருது! வருமானம் வர ஆரம்பிக்கிற வரைக்கும் டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் போதும். மூணும் இலவசம், சட்டப்படியானது. கிராக் பண்ணின போட்டோஷாப் வேண்டவே வேண்டாம். ரேன்சம்வேர் உள்ள வர்ற முக்கியமான வாசல்ல அதுவும் ஒண்ணு. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், அத்தனை படத்தையும் அடமானம் வைக்கற கதை அது.

பகுதி நேர வருமானம் வருதுன்னா, லேப்டாப், டிஸ்க், சாப்ட்வேர் பில் எல்லாத்தையும் உங்க பேர்ல வாங்கி வைங்க. தொழில் வருமானத்துக்கு எதிரா கணினித் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம் காட்ட முடியும். உங்க நிலைமைக்குப் பொருந்துமான்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க. சம்பளம் மட்டும் வாங்கறவங்களுக்கு இந்தக் கழிவு கிடையாது.

மொத்தமா ஒரு பட்ஜெட்

என் கணக்கு 80:20. மொத்தப் பணத்துல 20 சதவீதத்தை முதல்ல சேமிப்புக்கு எடுத்து வைங்க. 75,000 ரூபாய்னா:

- ரெண்டு 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க், தலா 5,500 ரூபாய்னா: 11,000
- கிளவுட், கார்டு ரீடர்: 4,000
- லேப்டாப்: 60,000

இந்த விலையெல்லாம் உதாரணம்தான். டிஸ்க், ரேம் விலை ஏறும் இறங்கும். அன்னிக்கு இருக்கிற விலையைப் போட்டுப் பாருங்க, ஆனா 20 சதவீதத்தைக் குறைக்காதீங்க. 60,000க்குள்ள நல்ல திரையும் 16 ஜிபி ரேமும் சேர்ந்து கிடைக்கலைன்னா, ரேம் ஸ்லாட் காலியா இருக்கிற மாடலை எடுத்து ஆறு மாசம் கழிச்சு ரேம் கூட்டுங்க. இல்லைன்னா பிராசசர்ல ஒரு படி இறங்குங்க. திரையில மட்டும் இறங்காதீங்க.

கடைக்குப் போகும்போது இந்த அஞ்சு கேள்வியைப் போன்ல எழுதி வைச்சுக்கோங்க. எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம்? ரேம் ஸ்லாட் இருக்கா? ரெண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இருக்கா? பிராசசரோட முழுப் பேர் என்ன? முழுப் பணம் கட்டினா என்ன விலை?

லேப்டாப் அடுத்த மாசம் வாங்கறீங்களோ, அடுத்த வருஷம் வாங்கறீங்களோ, அது உங்க விருப்பம். ஆனா ஹார்ட் டிஸ்குக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த மாசச் சம்பளத்துல ஒண்ணு வாங்குங்க. இப்ப உங்க போன்லயும் பழைய லேப்டாப்லயும் இருக்கிற படங்களை அதுல ஏத்துங்க. ஒரே பிரதியா இருக்கிற ஒவ்வொரு படமும், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி மாதிரி ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கு.